வளவில் ஏழு நரம்பு: ஆவியை ஆற்றும் பார்வையற்ற சீன இசைஞரை மேடையேற்றும் முறை

பழைய சீனாவில் ஊர் ஊராகப் போகும் பார்வையற்ற இசைஞர் ஒருவர், அலைந்து திரியும் ஆவி ஒன்றை வாசித்தே ஆற்றுகிறார். இந்தக் கதையைக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடு ஒன்றின் வளவில் (தாழ்வாரம் சூழ்ந்த உள்முற்றத்தில்) நாற்பது நிமிட நாடகமாகப் போடுவதற்கான குறிப்புகள் இவை. நடிகர்கள் மூன்று பேர் போதும்: இசைஞர், அவரைக் கைபிடித்துக் கூட்டி வரும் சிறுவன், ஆவி. இந்த நாடகம் பலிப்பதும் பலிக்காததும் பார்வையாளரின் காதில்தான் இருக்கிறது. எனவே உடைக்கும் ஒப்பனைக்கும் செலவழிப்பதற்கு முன் வாத்தியத்துக்கும் நிசப்தத்துக்கும் செலவழியுங்கள்.

எந்தக் காலம்?

பார்வையற்ற சீன இசைஞர் என்றதும் பலருக்கும் மனதில் வருவது, இரண்டு நரம்பு எர்ஹூவை வில்லால் இழுக்கும் உருவம். வூசி நகரத் தெருக்களில் வாசித்த ஆபிங் (1893–1950) பதித்துவிட்டுப் போன உருவம் அது. அவர் இருபதாம் நூற்றாண்டுக்காரர். சீனாவில் வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்களே தாங், சோங் அரசகாலங்களில்தான் (கி.பி. ஏழு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை) பரவின. அதற்கு முந்தைய கதைக்கு எர்ஹூ ஒட்டாது. மடியிலோ தாழ்ந்த மேசையிலோ கிடத்தி விரலால் வாசிக்கும் குச்சின் என்ற நரம்பு வாத்தியம்தான் பொருத்தம்.

குச்சினிலும் காலம் பார்க்க வேண்டும். ஸெங் நாட்டு யி பிரபுவின் கல்லறை கி.மு. 433 வாக்கில் கட்டப்பட்டது. 1978இல் அதைத் தோண்டியபோது கிடைத்தது பத்து நரம்புள்ள, குட்டையான வாத்தியம். ஏழு நரம்பும், விரல் வைக்கும் இடம் காட்டும் பதின்மூன்று புள்ளிகளும் கொண்ட நீண்ட வடிவம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டித்தான் தெளிவாகத் தெரிகிறது. கதையை அதற்குப் பின் வைத்தால் இன்றைய குச்சினை அப்படியே பயன்படுத்தலாம்.

சிறுவனை வெட்டிவிடாதீர்கள். சோவ் காலத்துச் சடங்கு நூலின் கணக்குப்படி அரசவையில் பார்வையற்ற இசைஞர் 300 பேர். அவர்களுக்குத் துணையாகப் பார்வையுள்ளவர்களும் 300 பேர். ஆளுக்கொரு துணை என்பது அங்கே முறையாகவே இருந்திருக்கிறது.

ஆவி ஏன் அலைகிறது?

வசனம் எழுதும் முன் இதற்கு விடை வேண்டும். கி.மு. 535இல் ஜெங் நாட்டில், கொலையுண்ட போ யோ என்பவரின் ஆவி வருகிறது என்று ஜனங்கள் மிரண்டு ஓடினார்கள். அமைச்சர் ஸி சான் ஆவியை விரட்ட ஆள் அனுப்பவில்லை. போ யோவின் மகனுக்குப் பதவி கொடுத்து, தகப்பனுக்கு முறைப்படி படையல் நடக்க வழி செய்தார், கலவரம் அடங்கியது. போய்ச் சேர இடம் இருக்கும் ஆவி தீங்கு செய்யாது என்பது அவர் சொன்ன காரணம்.

வருஷா வருஷம் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பு நடத்தும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே ‘இந்த ஆவிக்கு யார் படைக்காமல் விட்டார்கள்?’ என்ற கேள்வியில் கதையைக் கட்டுங்கள். ஆனால் நம் வீட்டுப் படைப்புச் சாமான்களையும் இலையையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். அது மரியாதையும் இல்லை, சீனத்துக் காட்சியும் கலைந்துபோகும். ஒரு மண் கிண்ணத்தில் தினையும் ஒரு சிறு குடுவையில் மதுவும் என்று காட்டினால் போதும்.

உடுக்கையையும் பம்பையையும் அறவே தவிர்க்க வேண்டும். உடுக்கைச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் நம் ஜனங்கள் மனதில் கோடாங்கி வந்துவிடுவார். பேயை அதட்டி, பேரம் பேசி, முடியைப் புளியமரத்தில் ஆணியடிக்கும் காட்சி வந்துவிடும். கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்தாலும் வரும். இந்த இசைஞர் அதட்டுகிறவரில்லை. வாசிக்கிறார், நிறுத்துகிறார், காது கொடுக்கிறார், மறுபடி வாசிக்கிறார்.

வாத்தியம் செய்வது

வீணையைக் கொண்டு ஒப்பேற்றலாமே என்று தோன்றும். காரைக்குடி சகோதரர்கள் வாழ்ந்த ஊர்; வீணையின் நாதம் இங்கே அத்தனை காதுகளுக்கும் பழக்கம். முதல் மீட்டலிலேயே சரஸ்வதி பூஜை நினைவு வந்துவிடும். தனியாகச் செய்வதே நல்லது. மரவேலை தெரிந்த ஆசாரிக்கு இது பத்துப் பதினைந்து நாள் வேலை.

நீளம் 120 செ.மீ., தோள் பக்கம் அகலம் 20, வால் பக்கம் 15, மொத்தக் கனம் 5 செ.மீ. சீனாவில் மேற்பலகைக்கு லேசான மரம், அடிப்பலகைக்குக் கெட்டி மரம் போடுவார்கள். இங்கே மேற்பலகைக்குக் குமிழ மரம் எடுங்கள்: லேசானது, காய்ந்த பின் முறுக்கிக்கொள்ளாது. இடையர் குமிழங்கொம்பில் வில்யாழ் செய்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது, ஆகவே நாதத்துக்கு ஆகிவந்த மரம். பழைய வீடு பிரித்த பர்மாத் தேக்கு காரைக்குடியில் சுலபமாகக் கிடைக்கும்; அதை அடிப்பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்பலகையும் தேக்கானால் கனத்துப்போய் ஒலி உள்ளேயே அடங்கிவிடும்.

4 செ.மீ. குமிழப் பலகையின் மேற்புறத்தை லேசான வளைவாக இழைத்து, உட்புறத்தைக் குடைந்தெடுங்கள். நடுவில் 10 மி.மீ., ஓரங்களில் 8 மி.மீ. கனம் மிஞ்ச வேண்டும். விரலால் சுண்டிக்கொண்டே குடைய வேண்டும். ‘டொக்’ என்பது ‘தும்’ என்று மாறும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடிப்பலகையில் இரண்டு திறப்பு: நடுவில் 20 செ.மீ. நீளம், வால் பக்கம் 10 செ.மீ. நீளம், இரண்டும் 2.5 செ.மீ. அகலம். பெரியதை டிராகன் குளம் என்றும் சிறியதை ஃபீனிக்ஸ் குளம் என்றும் சொல்லும் வழக்கம் அங்கே. இரு பலகையையும் ஃபெவிகால் போட்டு ஒட்டி, இறுக்கி, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

நரம்பைத் தாங்கும் கட்டைகள் இரண்டு: வாசிப்பவரின் வலக்கைப் பக்கம் குதிரை, இடக்கைப் பக்கம் மேரு. இரண்டுக்கும் நடுவே 110 செ.மீ. சரியாக இருக்கட்டும், பின்னால் வரும் அளவெல்லாம் இதை நம்பித்தான். குதிரை அருகே நரம்பு பலகையிலிருந்து ஒன்றரை செ.மீ. உயரத்தில் நிற்கும், மேருவருகே பலகையைத் தொடாத குறைதான். இதனால் பலகையின் நடுவே மயிரிழை மேடு இருந்தாலும் நரம்பு அடித்துக்கொண்டு கரகரக்கும். நீளமான இரும்பு அளவுகோலைப் பக்கவாட்டில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு மி.மீ. தாழ்வு இருக்கலாம், மேடு மட்டும் ஆகாது. அரக்கு மெருகு விரல் வழுக்கும் இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும், பாலியூரித்தேன் (பி.யு.) பூச்சு இரண்டு கை போடுங்கள்.

நரம்பை முறுக்கும் பிரடைக்குக் கிதாருக்குப் போடும் பல்சக்கரப் பிரடை ஏழு வாங்கி, தலைப்பக்கம் அடியில் பொருத்திவிட்டால் வெளியே தெரியாது. நரம்புதான் சிக்கல். அசல் குச்சினுக்குப் பட்டு நரம்பு. இங்கே கிடைப்பது அரிது. கிதார் நைலான் நரம்பு நீளம் போதாது. மீன்வலை, தூண்டில் சாமான் விற்கும் கடையில் தங்கூஸ் (தூண்டில் நைலான் நூல்) வாங்குங்கள், நரம்புக்கு இரண்டு மீட்டர். முதல் நரம்பு 1.6 மி.மீ., அடுத்தடுத்து 1.4, 1.2, 1.1, 0.9, 0.8, ஏழாவது 0.7. இந்தக் கனத்தில் கட்டினால் ஒவ்வொரு நரம்பும் ஏறத்தாழ நாலரை, ஐந்து கிலோ இழுக்கும். ஏழும் சேர்ந்து முப்பத்து மூன்று கிலோ அளவில். எல்லாவற்றுக்கும் ஒரே கனத்தில் தங்கூஸ் வாங்கினால், மேல் நரம்புகள் கல்லாக விறைத்து, கீழ் நரம்புகள் தொய்ந்து ஆடும். புது நைலான் நாலைந்து நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. நாடகத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள். கனத்த நரம்பு வாசிப்பவருக்கு எதிர்ப்புறம், மெல்லியது அவர் பக்கம்.

பதின்மூன்று புள்ளிகளும் முதல் நரம்புக்கு வெளியே, பலகை ஓரத்தில் வரும். குதிரையிலிருந்து செ.மீ. கணக்கில்: 13.75, 18.3, 22, 27.5, 36.7, 44, 55, 66, 73.3, 82.5, 88, 91.7, 96.25. நரம்பை எட்டில், ஆறில், ஐந்தில், நாலில், மூன்றில், பாதியில் பங்கு போடும் இடங்கள் இவை. சிப்பித் துண்டு பதிப்பது வழக்கம். வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டோ, பார்வையில்லாதவராகவோ இருப்பதால், அரை மி.மீ. புடைத்து நிற்கும்படி ஒட்டுங்கள். ஏழாவது புள்ளி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கட்டும். விரல் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை எண்ணிக்கொள்ளும்.

சுருதி சேர்ப்பது

மூன்றாம் நரம்பை ஸ என்று கொண்டால், ஏழு நரம்பும் ப, த, ஸ, ரி, க, ப, த. நம் மோகனம்தான். முதல் இரண்டும் மந்தரம். நான்கு கட்டைச் சுருதி இந்தத் தங்கூஸ் கனத்துக்குச் சரியாக வரும்.

சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஏழு நரம்பையும் தனித்தனியே சேர்க்காதீர்கள். மூன்றாம் நரம்பை மட்டும் பெட்டியோடு சேர்த்துவிட்டு, மற்றதைப் புள்ளி ஒலியால் (புள்ளிக்கு நேரே நரம்பை அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஒலி) ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மூன்றாம் நரம்பின் 9ஆம் புள்ளி, முதல் நரம்பின் 10ஆம் புள்ளி, ஆறாம் நரம்பின் 7ஆம் புள்ளி மூன்றும் ஒரே ஸ்வரம். பிறகு முதல் நரம்பின் 9க்கு நான்காம் நரம்பின் 7. நான்காம் நரம்பின் 9க்கு இரண்டாம் நரம்பின் 10ம் ஏழாம் நரம்பின் 7ம். கடைசியில் ஏழாம் நரம்பின் 9க்கு ஐந்தாம் நரம்பின் 10. இது முடிந்ததும் சுருதிப் பெட்டியை அணைத்துவிடுங்கள். நாடகம் நடக்கும்போது தம்பூராவும் கூடாது, பெட்டியும் கூடாது. ஏன் என்று அடுத்ததில் தெரியும்.

வாசிப்பு

குச்சினில் மூன்று ஒலி. இடக்கை படாமல் மீட்டுவது பூமியின் ஒலி. புள்ளியில் நரம்பைத் தொட்டும் தொடாமலும் மீட்டுவது வானத்தின் ஒலி. அழுத்தி வழுக்குவது மனிதனின் ஒலி. சீனர்கள் சொல்லும் இந்தப் பிரிவையே நாடகத்தின் எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளலாம்: இசைஞர் வந்து உட்காரும்போது வெறும் நரம்பு, ஆவி தன் குறையைச் சொல்லும் இடமெல்லாம் வழுக்கல், அது போக ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் புள்ளி ஒலி. அதற்கு முன் ஓரிடத்தில்கூட புள்ளி ஒலியைக் காட்டிவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் சுருதி சரிபார்ப்பதையும் கூட்டம் வருமுன் முடித்துவிட வேண்டும்.

புள்ளி ஒலியில் பிழை வருவது இடது விரலில்தான். வலது விரல் நரம்பைவிட்டு வெளியேறும் அதே கணத்தில் இடது விரலும் எழும்ப வேண்டும். முந்தி எழும்பினால் வெறும் நரம்பு ஒலிக்கும். பிந்தினால் ‘டப்’பென்று செத்துப்போகும். இடது விரலின் சதை நரம்பின் மேல் பட வேண்டும், நரம்பு ஒரு நூலளவுகூட அமுங்கக் கூடாது. 7, 9, 10 இந்த மூன்று புள்ளியும் கைவந்தால் இந்த நாடகத்துக்குப் போதும். 12ம் 13ம் பழகியவர்களுக்கே நழுவும்.

வீணை தெரிந்தவரை வாசிக்க வைத்தால் விரல் சுத்தம் கிடைக்கும், ஆனால் கம்பிதம் (ஸ்வரத்தை அசைக்கும் கமகம்) தானாக வந்துவிடும். வீணையில் மெட்டின் (தண்டியில் பதித்த குறுக்குக் கம்பியின்) மேல் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் பிடிக்கிறோம். குச்சினில் மெட்டே இல்லை; விரல் நரம்போடு நெடுக்காகத்தான் போக வேண்டும். போகும்போது எழும் உரசலை மறைக்கப் பார்க்காதீர்கள், அதுவும் வாசிப்பில் சேர்ந்தது. முதல் மீட்டல் ஒலித்துக் கரையும்வரை காத்திருந்து, கரையும் தறுவாயில் வழுக்கினால் ஒரு பெருமூச்சு மாதிரி விழும். கேட்பவர் முன்னால் சாய்வது அங்கேதான்.

இனி ராகம். சீனத்து ஐந்து ஸ்வர முறைகள் ஐந்தும் மோகனத்தின் கிரகபேதங்கள்: கோங் மோகனம், ஷாங் மத்தியமாவதி, ஜுயே இந்தோளம், ஜி சுத்த சாவேரி, யூ சுத்த தன்யாசி. நரம்பைத் திருகாமல், தங்கும் ஸ்வரத்தை மாற்றினாலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்விடலாம். பின்னால் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தால் ஸ கட்டிப்போட்டது போலாகி, எதை வாசித்தாலும் மோகனமாகவே கேட்கும். நம்மவர் காதுக்காக இன்னொரு கவனமும் தேவை: மத்தியமாவதி கேட்டால் கச்சேரி முடியப்போகிறது என்று ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். நடுவில் ஷாங் பக்கம் போகாதீர்கள். ஆவி குறை சொல்ல சுத்த தன்யாசி நன்றாக வரும்.

இசைஞர் வாசிக்க மறுக்கும் கட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஜின் நாட்டுப் பிங் பிரபுவின் பார்வையற்ற இசை ஆசான் ஷி குவாங் பற்றிய பழங்கதையில், பிரபு கட்டாயப்படுத்த அவர் ஒரு முறையை வாசிக்கிறார். பதினாறு கருநாரைகள் வந்து வரிசையில் நின்று ஆடுகின்றன. ஆசை அடங்காமல் அதற்கும் மேலானதைக் கேட்கிறார் பிரபு. வேண்டாம் என்று தடுத்தும் கேட்காததால் வாசிக்க, புயல் வந்து திரைகள் கிழிந்து, தாழ்வாரத்து ஓடுகள் சரிந்து, நாட்டில் மூன்று வருஷம் மழை பொய்க்கிறது. இசை எப்போதும் நன்மைதான் செய்யும் என்று அவர்கள் நினைக்கவில்லை. உங்கள் இசைஞரும் ஒரு தடவை கையை நரம்பிலிருந்து எடுத்துவிட்டால், பிறகு வைக்கும்போது அதற்கு எடை வரும்.

பார்வையின்மையை நடிப்பது

முடிந்தால் பார்வையற்ற இசைக் கலைஞர் ஒருவரையே வாசிக்கவும் நடிக்கவும் அழையுங்கள். ஒத்திகை முழுவதும் ஒரே இடத்தில், ஒரே தரையில் நடக்கட்டும். கோரைப்பாயின் அடியில் நடைபாதை நெடுக ஒரு சணல் கயிறு ஓட்டி, உட்காரும் இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டால் கால் அதைப் படித்துக்கொள்ளும். கடைசி நேரத்தில் எதையும் நகர்த்தக் கூடாது.

பார்வையுள்ளவர் நடித்தால், விழியை மேலே செருகுவது, கையைக் காற்றில் துழாவுவது இரண்டையும் முதல் நாளே நிறுத்துங்கள். பேசுபவரை நோக்கி முகம் திரும்பாது, காது திரும்பும். அதைப் பழகினால் பாதி வேலை முடிந்தது. கறுப்புக் கண்ணாடி வேண்டாம்; வெள்ளைக்கோல் இருபதாம் நூற்றாண்டுச் சாமான். சாதாரண மூங்கில் கம்பு போதும்.

சிறுவன் எப்படி வழிகாட்ட வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி இருக்கிறது. மியன் என்ற பார்வையற்ற இசை ஆசான் கன்பூசியஸைப் பார்க்க வருகிறார். படி வந்ததும் ‘இது படி’ என்கிறார் கன்பூசியஸ். பாய் வந்ததும் ‘இது பாய்’ என்கிறார். எல்லோரும் உட்கார்ந்த பின் யார் எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். சிறுவனின் வசனம் அவ்வளவுதான். முகப்பிலிருந்து வளவுக்கு இறங்கும்போது ‘படி, ஐயா’ என்று அவன் சொல்வதைக் கேட்டாலே கூட்டம் அடங்கிவிடும். பின்னால் ஆவி இருக்கும் திசையையும் அவனே அதே குரலில் சொல்லட்டும்.

வளவு

பூட்டிக் கிடக்கும் வீடானாலும் பங்காளிகள் அத்தனை பேரிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். சாமி அறைப் பக்கம் மேடையை வைக்க வேண்டாம். படைப்பு நாளை ஒட்டியும் தேதி வைக்க வேண்டாம்.

வாசிப்பவரை வளவின் நடுவே, திறந்த வானத்தின் கீழே உட்கார வைத்தால் ஒலி மேலே போய்விடும். சுற்றுத் தாழ்வாரத்தில், பின்சுவருக்கு ஒரு மீட்டர் முன்னால் உட்கார வையுங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசி மெருகிட்ட சுவர் ஒலியை முன்னே தள்ளும். பார்வையாளரை வளவிலும் எதிர்த் தாழ்வாரத்திலும் பாய் விரித்து உட்கார வைக்கலாம். குச்சின் சன்னமான வாத்தியம். அறுபது பேர் வரை மைக் இல்லாமல் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் மைக் வைத்தாக வேண்டும், வைத்தால் உரசல் ஒலி இரைச்சலாகிவிடும். மின்விசிறிகளை அணைக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழிப் பனியில் மரம் ஊறி ஒலி மங்கும். தை மாதம் தோது. காரைக்குடியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி, பங்குனித் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கியோடு போட்டி போட முடியாது.

உடையும் விளக்கும்

44 அங்குலக் காடாத் துணி ஒருவருக்கு ஐந்து, ஆறு மீட்டர். பருத்தி சீனாவில் பரவியது வெகுகாலம் கழித்துத்தான். காடாவின் சொரசொரப்பு சணல்நார்த் துணியின் தோற்றம் தரும். முதலில் கஞ்சி போகத் துவையுங்கள், இல்லாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பத்து லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் தேயிலைத் தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் மங்கிய பழுப்பு வரும். ஆவிக்குச் சாயம் வேண்டாம்.

அங்கியின் இடது மடிப்பு வலதின் மேல் வந்து, வலப்பக்கம் கட்டப்பட வேண்டும். இறந்தவர்களுக்குத்தான் இதை மாற்றிக் கட்டுவார்கள். இசைஞருக்கும் சிறுவனுக்கும் ஒரு விதம், ஆவிக்கு மறுவிதம். விவரம் தெரிந்த பார்வையாளருக்கு அதுவே சொல்லிவிடும். அவசரத்தில் தப்பாகக் கட்டிவிட்டால் இசைஞரே பிணமாகிவிடுவார், ஆகவே நுழையும் முன் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பின்னல் சடை வேண்டாம், அது 1644க்குப் பின் மஞ்சு ஆட்சி புகுத்தியது. கைநீட்டிக் குதித்து வரும் பேய்க்குப் போடும் அதிகாரி உடையும் அந்த ஆட்சிக்காலத்துடையதே. வெள்ளைச் சேலை, கொலுசு, விரித்த கூந்தல் என்று போனால் நம் சினிமா மோகினி வந்து நிற்பாள். ஆவி தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று பேசட்டும்; முகத்தைக் காட்டவே வேண்டாம்.

குத்துவிளக்கு நம் அடையாளம். தரையோடு ஏழெட்டு அகல் வையுங்கள், ஒவ்வொன்றின் கீழும் தட்டு வைத்து. ஆத்தங்குடிக் கல் பளபளவென்று இருக்கும். அதில் எண்ணெய் சிந்தினால் நடிகர் வழுக்கி விழுவார், கல்லும் கறைபடும். நடிகர்கள் வெறுங்காலோடு இருக்கட்டும், காலுறை வேண்டாம். தூண்களில் ஆணியோ ஒட்டுநாடாவோ கூடாது, திரையைக் கயிற்றில் கட்டுங்கள்.

நடத்தும் நாளில் நாலு மணிக்கே வாத்தியத்தை அது இருக்கப்போகும் இடத்தில் வைத்துவிடுங்கள். சுருதி இறங்கி நிலைக்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஆறரைக்கு ஒரு முறை சரிபார்த்து, ஏழு மணிக்குள் கதவைத் திறக்கலாம். மாற்றுத் தங்கூஸ் 0.7, 0.8 இரண்டும் வெட்டித் தயாராக இருக்கட்டும். நாடகத்தின் நடுவே நரம்பு அறுந்தால் நிறுத்த வேண்டாம்: ஆறும் ஏழும் முதல் இரண்டின் மேல்ஸ்தாயிதான், முதல் இரண்டை 7ஆம் புள்ளியில் அழுத்தினால் அதே ஸ்வரம் கிடைக்கும். முடிந்ததும் ஏழு நரம்பையும் ஒவ்வொரு ஸ்வரம் இறக்கி, துணி சுற்றி, சுவரில் சாய்க்காமல் படுக்க வையுங்கள். பாயை எடுத்தபின் கல்லைத் தண்ணீரில் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்ட துணியால் ஒரு முறை தேய்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.